ஏட்டய்யா போடும் மார்க்

டி.வி.யில் துப்பறிகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். பிணம் எங்கே கிடந்தாலும் சரி, அது யாருடைய எல்லை என்ற கேள்வி அவர்களுக்கு வரவே வராது. நேராகக் குனிந்து, கைக்குட்டையால் எதையாவது எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க ஆரம்பித்து விடுவார்கள்.

எங்கள் மொரப்பூரில் முதல் கேள்வியே அதுதான். ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதை ஊரோடு ஒட்டிப் போகிறது. தண்டவாளத்தில் கிடந்தால் ரயில்வே போலீஸ். நாலடி தள்ளிக் கிடந்தால் உள்ளூர் போலீஸ். இரண்டுக்கும் நடுவில் கிடந்தால்? 'அதுக்குத்தான் தம்பி டேப்பு' என்பார் ஏட்டய்யா. ஆக, எங்கள் பக்கத்தில் கொலையா, தற்கொலையா, விபத்தா என்பதெல்லாம் அப்புறம், முதலில் டேப். எந்த சீரியலிலாவது ஹீரோ டேப் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

ஏட்டய்யா ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. பெயரைப் போட்டால் பென்ஷனை நிறுத்தி விடுவார்கள் என்று பயப்படுகிறார். (நிறுத்த மாட்டார்கள். சொன்னால் கேட்பதில்லை.) ஸ்டேஷன் ரோடு டீக்கடையில், சேலத்து ஆபீசுகளுக்குப் போகிற எங்கள் கோஷ்டி ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில், எந்த வேலையும் இல்லாமல் எங்களுக்கு முன்னாடியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிப்பார். பிறகு மார்க் போடுவார்.

மார்க் என்றால் டி.வி. போலீசுக்கு. நூற்றுக்கு. முப்பத்தைந்து பாஸ். யாருக்கும் லேசில் அறுபதைத் தாண்ட மாட்டார். பாட்டு, ஃபைட், ஹீரோயின் எதற்கும் மார்க் கிடையாது. அந்த ஆள் போலீஸ்காரன் மாதிரி நிற்கிறானா, கேட்கிறானா, எழுதுகிறானா... அவ்வளவுதான்.

* * *

'சி.ஐ.டி.'யிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் அவருக்குப் பிடித்த திட்டு.

1998-ல் ஆரம்பித்து 2018 வரைக்கும் ஓடிய ஹிந்தி சீரியல். 1500 எபிசோடுக்கு மேல். இருபது வருஷம் ஒரே சட்டை ஸ்டைல், ஒரே டீம். ஏ.சி.பி. ப்ரத்யுமனாக சிவாஜி ஸாட்டம். வலது கையைத் தூக்கி விரல்களைச் சுழற்றி, 'இதில் ஏதோ கோளாறு இருக்கிறது' என்று அவர் சொல்லாத நாளே இல்லை. இந்த இடத்தில் பாங்க் நண்பர்களுக்கு ஒரு தகவல்: ஸாட்டம் சென்ட்ரல் பாங்கில் கேஷியராக இருந்தவர். கவுன்ட்டரில் கள்ள நோட்டைத் தூக்கிப் பார்க்கிற அந்தப் பார்வைதான் பிற்பாடு உதவியிருக்க வேண்டும். எனவே, இன்றைக்குக் கவுன்ட்டரில் சலித்துப் போய் உட்கார்ந்திருக்கும் யாரும் மனம் தளர வேண்டாம்.

அவருக்கு அடுத்து தயா. தயானந்த் ஷெட்டி. ஆறடிக்கு மேல் உயரம். இவருடைய உத்தியோகம் கதவை உதைப்பது. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாத எங்கள் தெருப் பையன்கள்கூட 'தயா, கதவை உடை' என்பதை மட்டும் ஹிந்தியில் தப்பில்லாமல் சொல்வார்கள்.

"எதுக்குத் தம்பி உடைக்கிறான்? தாப்பாள் போட்டிருக்குதான்னு தள்ளிப் பாக்கக் கூடாதா? உடைச்ச கதவுக்கு யார் துட்டு குடுக்கிறது? வீட்டுக்காரன் மேல போய் எழுதினா எங்க ரைட்டர் பென்ஷன் வாங்கியிருக்க முடியுமா?" - ஏட்டய்யா.

லேப் டாக்டர் சாலுங்கே மேல் அவருக்குத் தனிக் கோபம். பச்சைத் தண்ணீரில் நீலத் தண்ணீரை ஊற்றி, அது சிவப்பானதும் 'விஷம்!' என்று சொல்லி விடுகிறாராம். இங்கே உள்ளுறுப்பை பாட்டிலில் போட்டு, சீல் வைத்து, கோர்ட்டில் லெட்டர் வாங்கி, கான்ஸ்டபிளைக் கையில் கொடுத்து அனுப்பினால், அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்கே ஒரு நாள். ரிசல்ட் வர வாரக் கணக்கு, சமயத்தில் மாதக் கணக்கு. அதற்குள் ஐ.ஓ.வுக்கு டிரான்ஸ்பரே வந்திருக்கும்.

எல்லாவற்றையும் கழித்து 'சி.ஐ.டி.'க்கு இருபது மார்க்.

ஆனால் அதிலும் ஒருத்தருக்கு மட்டும் தனியாக நாற்பது போட்டார். இன்ஸ்பெக்டர் ஃப்ரெட்ரிக்ஸ். பொண்டாட்டிக்குப் பயந்து கொண்டு, அசட்டுப் பிசட்டென்று ஏதாவது சொல்லி டீமில் திட்டு வாங்கும் ஆள். தினேஷ் ஃபட்னிஸ் என்பவர் செய்தார். 2023 டிசம்பரில் காலமாகி விட்டார். "எல்லா ஸ்டேஷன்லயும் இப்பிடி ஒருத்தன் இருப்பான் தம்பி. அவன் இல்லைன்னா மத்தவனுக்கெல்லாம் பைத்தியம் பிடிச்சிடும்" என்றார் ஏட்டய்யா. நடிப்பு விமரிசனம் என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004-ல் இந்த சி.ஐ.டி.காரர்கள் ஒரு எபிசோடை 111 நிமிடம், நடுவில் ஒரு இடத்தில்கூட கட் செய்யாமல் ஒரே ஷாட்டாக எடுத்தார்கள். ரெக்கார்டு புத்தகத்தில் ஏறியது. நூற்றுப் பதினோரு நிமிடம் வசனம் மறக்காமல் இருப்பது சாமானியமா? அதில் பிணமாக நடித்தவரின் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். மூக்கில் கொசு உட்கார்ந்தால்கூட ரெக்கார்டு போச்சு.

* * *

எங்கள் தலைமுறைக்குத் துப்பறியும் டி.வி. என்றால் அது ஹிந்தியில்தான் வந்தது. 1985-ல் 'கரம்சந்த்'. பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொண்டு கேரட்டைக் கடித்துக் கடித்தே கொலைகாரனைப் பிடித்தார். அவருடைய அசிஸ்டென்ட் கிட்டி, சுஷ்மிதா முகர்ஜி. கிட்டி ஒரு கேள்வி கேட்கும். உடனே வாயை மூடச் சொல்லி ஒரு அதட்டல் போடுவார். கேரட் தின்றால் கண்ணுக்கு நல்லது என்று அந்த வருஷம் எத்தனை அம்மாக்கள் இதைக் காட்டியே பிள்ளைகளைத் தின்ன வைத்தார்களோ!

அப்புறம் 1993-ல் 'பியோம்கேஷ் பக்ஷி'.

இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி வேண்டும். வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் 1932-ல் ஆரம்பித்த கதாபாத்திரம். டைரக்டர் பாசு சாட்டர்ஜி தூர்தர்ஷனுக்காக எடுத்தார். பியோம்கேஷ் தன்னைத் துப்பறிவாளர் என்று சொன்னால் கோபித்துக் கொள்வார். சத்யான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக் கொள்வார். தொப்பி கிடையாது, பைப் கிடையாது. வேட்டி கட்டிக் கொண்டு பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் மாதிரி இருப்பார். நடித்தவர் ரஜித் கபூர். (இதே மனிதர்தான் 1996-ல் ஷ்யாம் பெனகல் படத்தில் இளவயது காந்தியாக வந்து தேசிய விருது வாங்கினார். துப்பறிகிறவருக்கும் காந்திக்கும் ஒரே முகம் பொருந்தியிருக்கிறது, யோசிக்க வேண்டிய விஷயம்.)

எங்கள் வீட்டில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. தெருவிலேயே தெரிந்த ஒருத்தர் எதிர் வீட்டுப் பையன். ப்ரசார் சபாவில் 'ப்ராத்மிக்' பாஸ். அவனுக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, மொழிபெயர்க்க உட்கார வைத்தோம். பியோம்கேஷ் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசுவார்.

"என்னடா சொல்றாரு?"

"நாளைக்கு வரேன்னு சொல்றாரு."

எதிராளி இரண்டு நிமிடம் அழுதுகொண்டே பேசுவார்.

"இவரு?"

"சரி வாங்கன்னு சொல்றாரு."

மூன்றாவது வாரம் காபி நிறுத்தப்பட்டது. ஆனால் சீரியலை நிறுத்தவில்லை. அப்போதுதான் ஒன்று கவனித்தோம். வார்த்தை புரியாவிட்டால் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். முகத்தைப் பார்த்தால், பேசுகிறவன் முகத்தை விடக் கேட்கிறவன் முகத்தில் கதை ஓடுகிறது! முதல் எபிசோடில், ஒரு ஹோமியோபதி டாக்டர் நடத்தும் விடுதியில் பொய்ப் பெயரில் வந்து தங்குகிறார் பியோம்கேஷ். டாக்டர் ரொம்ப நல்லவராகப் பேசிக் கொண்டே இருக்கிறார். ரஜித் கபூர் ஒன்றும் செய்வதில்லை. தலையை லேசாகச் சாய்த்துக் கேட்கிறார். கண் மட்டும் ஒரு தடவை டாக்டரின் முகத்துக்குப் போய்த் திரும்புகிறது. எங்கள் பாட்டி, அட்சரம் ஹிந்தி தெரியாதவள், "இந்த டாக்டருதான்டா" என்று தீர்ப்பு சொல்லி விட்டாள். சரியாகத்தான் இருந்தது.

கூடவே இருக்கும் நண்பர் அஜித், கே.கே. ரைனா. இவருக்கு வேலையே நம்முடைய சந்தேகங்களை நமக்காகப் படுவது. ஹீரோவின் பக்கத்தில் நின்று, ஹீரோவை விட புத்திசாலியாகத் தெரியாமலும், அதே சமயம் மடையனாகத் தெரியாமலும் நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆபீசில் மேனேஜர் பக்கத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஏட்டய்யாவுக்கு இதை நான் போன வருஷம்தான் செல்போனில் போட்டுக் காட்டினேன். வேட்டியைப் பார்த்ததும் "இவரு யாரு, புரோக்கரா?" என்றவர், முடிந்ததும் ஐம்பத்தெட்டு போட்டார். இரண்டு மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டேன். "ரொம்ப சுத்தமா இருக்கான். வெயில்ல அலைஞ்ச ஆளு மாதிரி இல்ல."

வெளிநாட்டு ஆள் ஒருத்தரையும் காட்டினேன். லெப்டினன்ட் கொலம்போ, பீட்டர் ஃபாக். அமெரிக்க சீரியல், எழுபதுகளில் புகழ் பெற்று, விட்டு விட்டு 2003 வரை வந்தது. சின்ன வயதிலேயே ஒரு கண்ணை இழந்து கண்ணாடிக் கண் பொருத்திக் கொண்ட நடிகர். கசங்கிய மழைக் கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. யார் கொலைகாரன் என்று முதல் காட்சியிலேயே நமக்குக் காட்டி விடுவார்கள். பிறகு இந்த மனிதர் வந்து, பெரிய மனிதர் வீட்டில் தலையைச் சொறிந்து கொண்டு, மன்னிப்புக் கேட்டுக் கொண்டு, கதவு வரை போய்த் திரும்பி, 'இன்னும் ஒரே ஒரு விஷயம்' என்பார். அந்த ஒரே ஒரு விஷயத்தில் ஆள் காலி.

ஏட்டய்யா இதற்கு அறுபத்தெட்டு போட்டார். இது வரை போட்டதில் அதிகம். "எங்க ஸ்டேஷன்ல ஒரு எஸ்.ஐ. இருந்தாரு தம்பி, இதே மாதிரி. எதிராளி இவரைப் பாத்து, 'பாவம், இந்தாளுக்கு ஒண்ணும் தெரியல'ன்னு நினைச்சி எல்லாத்தையும் சொல்லிக் குடுப்பான்" என்றார்.

* * *

தமிழில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நாவல்களில் கணேஷும் வசந்தும் இருந்தார்கள். ஆனால் சுஜாதாவின் 'ப்ரியா' 1978-ல் படமானபோது வக்கீல் கணேஷ் ரஜினிகாந்தாகி சிங்கப்பூரில் பாட்டுப் பாடினார். வசந்தைக் காணவே காணோம். அதோடு நமக்கு அந்த ஜோடி திரையில் சரியாக வாய்க்காமல் போனது இன்னும் ஒரு குறை.

டி.வி.யில் நம்மை உலுக்கியது 'மர்ம தேச'த்தின் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன், தொண்ணூறுகளின் பின்பாதி. தப்பு செய்தவனைக் கருப்பசாமியே வந்து தண்டிக்கிறதா, இல்லை கருப்பின் பெயரில் மனிதன் எவனாவது செய்கிறானா என்பதுதான் துப்பு. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் தெருவில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் மண் குதிரை நிற்கிற எல்லைச் சாமி கோவில் உண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற என் சித்தப்பா, அந்த நாட்களில் கோவிலைக் கடக்கும்போது மட்டும் பெல் அடித்துக் கொண்டே வருவார். யாருக்கு அந்த பெல் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பின்னர் நிஜத்திலும் கல்யாணம் செய்து கொண்டார்கள். பயந்த முகத்தை சேத்தன் அதில் நன்றாகச் செய்தார். ஒரு படித்த, சாதுவான முகம், தனக்குள்ளே என்ன இருக்கிறது என்று தனக்கே தெரியாமல் தவிக்கிற தவிப்பு. அந்த முகத்தை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

* * *

இப்போது ஓ.டி.டி. காலம். 2022 பிப்ரவரியில் 'விலங்கு', ஜூனில் 'சுழல்'. ஒரே வருஷத்தில் தமிழுக்கு இரண்டு போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தன.

'விலங்கு' பிரசாந்த் பாண்டியராஜ் டைரக்‌ஷன், ஏழு எபிசோடு. எஸ்.ஐ. பரிதியாக விமல். வீட்டில் மனைவி நிறைமாதம், லீவு கிடைக்காது. காட்டில் ஒரு பிணம். கொஞ்ச நேரத்தில் அதன் தலையைக் காணோம். (தலையில்லாத உடம்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1952-ல் ஆளவந்தார் கொலையில் உடல் போட் மெயில் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை வரை போனது; தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது.) கான்ஸ்டபிள் கருப்பாக பால சரவணன். காமெடியிலேயே பார்த்துப் பழகிய முகம், இதில் களைப்பையும் கூழைக்கும்பிடையும் கலந்து அப்படியே ஒரு ஸ்டேஷன் ஆளாகி விட்டார்.

ஏட்டய்யா ஒரே மூச்சில் ஏழையும் பார்த்தார். பேரன் செல்போனில். "முதல் தடவையா ஒரு படத்துல போலீஸ்காரனுக்குத் தூக்கம் வருது தம்பி" என்றார். ஐம்பத்தைந்து.

'சுழல்' வேறு ஜாதி. எழுதியது புஷ்கர் - காயத்ரி; டைரக்‌ஷன் பிரம்மாவும் அனுசரணும். சாம்பலூர் என்று ஒரு மலையடிவார ஊர். சிமென்ட் ஃபாக்டரி ராத்திரியில் எரிகிறது. அதே ராத்திரி யூனியன் தலைவர் சண்முகத்தின் சின்னப் பெண்ணைக் காணவில்லை. ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா வேறு.

மயானக் கொள்ளையை டி.வி.யில் பார்த்த மெட்ராஸ்காரர்களுக்கு அது ஏதோ திகில் காட்சி. எங்களுக்கு வருஷா வருஷம் சிவராத்திரிக்கு அடுத்த நாள் சமாச்சாரம். தர்மபுரி ஜில்லாவில் அங்காளம்மன் கோவில் உள்ள ஊரெல்லாம் காளி வேஷம்தான். ஏட்டய்யா அந்தக் காட்சிகளைப் பார்த்து விட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "பந்தோபஸ்துல நிக்கிறவன் மூஞ்சி இவ்ளோ ஃபிரெஷ்ஷா இருக்காது. காலைல அஞ்சு மணிக்கு நிறுத்துவான். பொட்டலம் ரெண்டு மணிக்கு வரும்."

நடிப்பைச் சொல்கிறேன். பார்த்திபனை நாம் பேசியே ஜெயித்த ஆளாகப் பார்த்தவர்கள். அவருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தால் அதைத் திருப்பிப் போட்டு மூன்று அர்த்தம் எடுப்பார். அவரைக் கூப்பிட்டு, மகளைக் காணாத அப்பாவாக உட்கார வைத்து, வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா நிற்கும்போது அந்த மனிதருக்குள்ளே எத்தனை நடிப்பு இருந்திருக்கிறது! இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரியா ரெட்டி. 2006-ல் 'திமிரு'வில் கண்ணாலேயே சுட்டவர். இதில் யூனிபார்முக்குள்ளே ஒரு அம்மா இருக்கிறாள். காணாமல் போன பெண் விவகாரத்தில் தன் மகனும் சம்பந்தப்பட்டிருக்கிறான் என்று தெரிகிற இடத்தில், அவர் உடனே அழுவதில்லை. முதலில் இன்ஸ்பெக்டர் கேட்கிறார். ஒரு வினாடி கழித்துத்தான் அம்மாவுக்குக் காது கேட்கிறது. அந்த ஒரு வினாடிக்குச் சம்பளம் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

எஸ்.ஐ. சக்கரையாகக் கதிர். 2018-ல் 'பரியேறும் பெருமா'ளில் அடி வாங்கிக் கொண்டே இருந்த பையன். அதே முகத்துக்குக் காக்கிச் சட்டை. யாரையாவது விசாரிக்கும்போது அவர் கண்ணில் ஒரு தயக்கம் வருகிறது பாருங்கள், எதிரில் இருப்பவனும் மனுஷன்தானே என்கிற மாதிரி. அந்தத் தயக்கம் பரியனுடையதுதான் என்று நான் நினைத்துக் கொள்கிறேன்.

'சுழல்' ஏட்டய்யாவிடம் ஐம்பது. எனக்குக் கோபம். இதற்கா 'விலங்கை' விடக் குறைச்சல்?

"விலங்குல நல்லா அடிக்கிறாங்க தம்பி. இதுல யோசிச்சிக்கிட்டே நிக்கிறான்" என்றார்.

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் 'விலங்கில்' அடி விழும்போது நானும் ஆபீசில் மறுநாள், "செம சீன்ப்பா" என்றுதான் சொல்லியிருந்தேன்.

எங்கள் கோஷ்டியில் ஒரு வக்கீல் குமாஸ்தா உண்டு. அவர் விடவில்லை. "அடிச்சி என்ன பிரயோஜனம் ஏட்டய்யா? போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் கோர்ட்டுல காசுக்குப் பிரயோஜனம் இல்லையே!" என்றார். விஷயம் உண்மை. 1872-ன் சாட்சியச் சட்டம், 25-ம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்து விட்டது. அதில் 23-ம் பிரிவு. பெயர் மாறியதே தவிர சங்கதி அதேதான்: போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் சொல்லிப் போய் எடுத்த கத்தி, நகை, அந்தக் கண்டுபிடிப்பு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். வெள்ளைக்காரன் காலத்திலேயே, போலீஸ் எப்படி ஒப்புதல் வாங்குகிறது என்று தெரிந்துதான் அப்படி எழுதி வைத்தார்கள்.

அப்படிப் பார்த்தால் நாம் இத்தனை வருஷம் பார்த்த கிளைமாக்ஸ் எல்லாம் என்ன ஆகிறது? ஏ.சி.பி. கன்னத்தில் ஒரு அறை விட்டதும், 'ஆமாம், நான்தான் கொன்றேன்' என்று வில்லன் ஃப்ளாஷ்பேக் சொல்கிறானே, அத்தனையும் மறுநாள் ஜாமீன்! பியோம்கேஷும் கொலம்போவும் ஏன் அவ்வளவு பாடுபட்டுப் பொறி வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நடிகர் என்ற முறையிலும் அடி ஒரு நஷ்டம்தான். லத்தி ஓங்கினதும் அடிக்கிறவருக்குக் கை மட்டும்தான் வேலை; வாங்குகிறவருக்குத் தொண்டை மட்டும்தான். முகத்துக்கு வேலை போய் விடுகிறது.

ஏட்டய்யா குமாஸ்தாவுக்குப் பதில் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்றார்.

* * *

சேத்தனுக்குத் திரும்ப வருகிறேன் என்றேனே. 2023-ல் வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் வந்தது. அதில் மலைக் கிராமத்துப் பெண்களை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து வதைக்கிற அதிகாரியாக சேத்தன். 'விடாது கருப்'பில் பார்த்த அதே சாதுவான முகம்தான். குரலை உயர்த்துவதில்லை. ஆபீசில் ஃபைல் பார்க்கிற மாதிரி, அன்றைய வேலையை முடிக்கிற மாதிரி செய்கிறார். வில்லன் என்று பல்லைக் கடித்திருந்தால் நமக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை.

அதை எங்கள் பக்கத்தில் யாரும் வெறும் சினிமாவாகப் பார்க்க முடியாது. மொரப்பூரிலிருந்து அரூர் போய், அதற்கும் அப்பால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் போனார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். ஊரே ஜெயிலுக்குப் போனது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். 1995-ல் ஹைகோர்ட் உத்தரவில் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்.

இதில் துப்பறிந்தது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சி.பி.ஐ.தான். ஆனால் அந்தப் பெண்கள் பேசாவிட்டால், ஆட்களை அடையாளம் காட்டாவிட்டால், வருஷக் கணக்கில் பஸ் பிடித்து கோர்ட்டுக்கு வந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லாவிட்டால் கேஸே இல்லை. யாரோ ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து, நம்பாத முகத்தை வைத்துக் கொள்ளாமல், அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். எந்த சீரியலிலும் அந்த உட்கார்தல் இரண்டு நிமிடத்துக்கு மேல் வராது. விளம்பரதாரர் ஒப்ப மாட்டார்.

'விடுதலை'யை ஏட்டய்யாவும் பார்த்தார். மறுநாள் பெஞ்சில் மார்க் கேட்டோம்.

"சேத்தனுக்கு எவ்ளோ ஏட்டய்யா?"

பேப்பரை மடித்தார். "நான் அப்ப கிருஷ்ணகிரில இருந்தன்" என்றார். யாரும் அதைக் கேட்கவில்லை. "கூப்புட்டிருந்தா போயிருப்பன். லாரில ஏறுடான்னா ஏறணும். எங்கேன்னு கேக்க முடியாது" என்றார் கொஞ்சம் கழித்து.

ரயில் வந்து விட்டது. நாங்கள் எழுந்து ஓடினோம். சேலம் வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவன் ஜன்னலைப் பார்த்தான், மற்றவன் செல்போனைப் பார்த்தான்.

மார்க் இன்றைக்கு வரைக்கும் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் 'விலங்கு'க்குப் போட்ட ஐம்பத்தைந்தைப் பிறகு ஒரு நாள் தானாகவே நாற்பத்தைந்தாக்கினார். ரீ-வேல்யுவேஷன் என்றார். காரணம் சொல்லவில்லை.

2025 பிப்ரவரியில் 'சுழல்' இரண்டாம் பாகம் வந்தது. இந்தத் தடவை காளிபட்டினம், கடலோரம், அஷ்டகாளித் திருவிழா. மலையாள நடிகர் லால், வக்கீல் செல்லப்பாவாக. சக்கரைக்கு அப்பா மாதிரி இருந்தவர் கொலை செய்யப்பட்டுக் கிடக்கிறார். எட்டுப் பெண்கள் தனித்தனியாக ஸ்டேஷனுக்கு வந்து, ஒவ்வொருத்தியும் 'நான்தான் கொன்றேன்' என்கிறாள். கதிர் அந்த எட்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிற பார்வைக்கு நான் எழுபது போடுவேன்.

ஏட்டய்யாவும் பார்த்து முடித்து விட்டார். என்ன சொல்லப் போகிறாரோ என்று டீயைக் கையில் வைத்துக் கொண்டு காத்திருந்தோம்.

"எட்டு பேரும் ஒத்துக்கிட்டா எட்டு பேர்கிட்டயும் வாக்குமூலம் எழுதணும். எட்டு ரிமாண்டு ரிப்போர்ட்டு. எட்டு பேருக்கும் லேடி கான்ஸ்டபிள் எஸ்கார்ட்டு, எட்டு பேருக்கும் சாப்பாடு பில்லு..." விரல் விட்டு எண்ணிக் கொண்டே போனவர் நிமிர்ந்தார். "அந்த ஸ்டேஷன் ரைட்டரை ஒரு சீன்லயாவது காட்டினானா தம்பி?"